தட்டில் இருப்பது யாருடைய முடிவு?
உணவும் நம் வாழ்க்கைச் சூழலும்: ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



போன ஜும்ஆவில் உணவில் கட்டுப்பாடு என்ற தலைப்பில் பேசினோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், வீண் விரயம் செய்வதைத் தடுத்திருக்கிறான் (அல்குர்ஆன் 7:31) என்பதைப் பார்த்தோம். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றை விட மோசமானது இல்லை என்றும், முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைப் பார்த்தோம் (அறிவிப்பாளர்: மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி), நூல்: திர்மிதீ). நஃப்ஸை அடக்குங்கள், வாயைக் கட்டுங்கள், நோய் போய்விடும் என்று சொல்லி உரையை முடித்தேன்.

அந்த உரை பாதிதான். மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சகோதரி.

ஒரு சகோதரியின் கேள்வி

மாலை மக்தபுக்கு வந்த தன் பிள்ளையை அழைத்துப் போக அந்தச் சகோதரி வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர். வாசலில் நின்று என்னிடம் கேட்டார்:

"ஹஜ்ரத், நீங்க சொன்னது எல்லாம் சரிதான். காலையில ஆபீஸ் வண்டி வர்றதுக்கு முன்னாடி நான் சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வச்சிட்டு ஓடணும். வீட்டுக்குத் திரும்ப ராத்திரி ஆயிரும். கீரை ஆயறதுக்கு எனக்கு ஏது நேரம்? ரேஷன் அரிசி, ஒரு ரசம், ரெண்டு அப்பளம். எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருக்கிறதுதான் எனக்கு. எனக்கும் சுகர் இருக்கு ஹஜ்ரத். இது என் நஃப்சோட குத்தமா, என் பொழப்போட குத்தமா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் சாப்பிடுவது அளவுக்கு மீறிய உணவு அல்ல. அவருக்குக் கிடைப்பது அதுதான். அவரைப் பார்த்து வாயைக் கட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். இது என் மனதை உறுத்தியது. அதனால்தான் இன்று அதே தலைப்பை மறுபடியும் எடுத்திருக்கிறேன்.

மனிதன் தன் உணவைக் கவனித்துப் பார்க்கட்டும் என்று அல்லாஹ் சொல்கிறான் (80:24). அதைத் தொடர்ந்து வரும் வசனங்களில் மழையை இறக்கியதை, பூமியைப் பிளந்ததை, தானியத்தையும் திராட்சையையும் காய்கறியையும் முளைக்கச் செய்ததைச் சொல்கிறான். தட்டோடு பார்வையை நிறுத்திவிடாதே, தட்டுக்குப் பின்னால் இருப்பதையும் பார் என்று நமக்குக் கற்றுத் தருகிறான். நாமும் அப்படிப் பார்ப்போம். நம் தட்டுக்குப் பின்னால் மண் இருக்கிறது, மழை இருக்கிறது. ரேஷன் கடை, கூலி, நேரம், வீட்டின் வழக்கம், ஊரின் கௌரவம், நம் வயது எல்லாமே இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைப் பானை

முதலில் ஒரு ஹதீஸ். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் மதீனாவின் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார்கள். அந்தப் பெண்மணி தன் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் கிழங்குக் கீரை ஒன்றைப் பயிர் செய்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அதை வேரோடு பிடுங்கிப் பானையில் போடுவார். ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்து அதில் சேர்த்து வேக வைப்பார். அந்தக் கீரைக் கிழங்குதான் அதில் இறைச்சிக்குப் பதில். ஸஹாபாக்கள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அவருக்கு ஸலாம் சொல்வார்கள். அவர் அந்த உணவைப் பரிமாறுவார். அதற்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பார்களாம் (நூல்: புகாரி).

இன்று நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் பிரியாணி, இல்லையென்றால் நெய்ச்சோறு. அல்லாஹ் ஹலாலாக்கியதை நாம் ஹராம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸஹாபாக்கள் ஆசையோடு காத்திருந்த வெள்ளிக்கிழமை விருந்தில் இருந்தது கீரையும் தவிட்டோடு கூடிய தானியமும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உணவு அவர்களுக்குக் கிடைக்கப் பல காரணங்கள் ஒன்று சேர வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணியிடம் நிலம் இருந்தது, தண்ணீர் ஓடிய வாய்க்கால் இருந்தது, சமைக்க நேரம் இருந்தது, கொடுக்கும் மனம் இருந்தது. மற்றவர்களுக்கு அவர் வீடு பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. நல்ல உணவு ஒருவருடைய மன உறுதியால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை.

மண்ணும் மழையும்

நம் கோவில்பட்டி கரிசல் பூமி. ஆறு இல்லை, பெரிய அணை இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. கறுப்பு மண் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பி நம் முன்னோர்கள் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைத்தார்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு, கானம் விதைத்தார்கள். பருத்தியும் மிளகாயும் மல்லியும் விதைத்தார்கள். இறந்து கிடந்த பூமியை உயிர்ப்பித்து அதிலிருந்து தானியத்தை வெளியாக்குவதை அல்லாஹ் ஓர் அத்தாட்சியாகச் சொல்கிறான் (36:33). அந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டுமென்றால், மழை பெய்த பத்தாம் நாள் நம் ஊர் காட்டைப் போய்ப் பாருங்கள்.

அரிசி நம் மண்ணின் உணவு அல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் அரிசிச் சோறு பெருநாளுக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, கூழ், கானத் துவையல், காட்டில் பறித்த பண்ணைக்கீரை. நம் ஊர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. மானாவாரிப் பயிர்களுக்கென்றே உழைத்து வரும் நிலையம் அது. கே 8, கே 12 என்ற சோள ரகங்களில் வரும் 'கே' நம் கோவில்பட்டியைக் குறிக்கிறது.

இன்று அதே காட்டில் பெரும்பாலும் மக்காச்சோளம் நிற்கிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கம்பு விதைத்தால் குருவிக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும். மக்காச்சோளத்துக்கு வாங்குகிற ஆள் இருக்கிறான். ஆனால் அது நம் வயிற்றுக்கு வருவதில்லை. கோழித் தீவனத்துக்குப் போகிறது. நம் மண்ணில் விளைவதும் நம் தட்டில் விழுவதும் வேறு வேறாகிவிட்டன.

ரேஷன் அரிசி: நிஃமத்தும் சோதனையும்

இங்கே நாம் நீதி தவறக் கூடாது. பழைய காலத்தைப் புகழ்ந்து பேசுவது சுலபம். ஆனால் அந்தக் காலத்தில் பசியும் இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கஞ்சிக்கே வழியில்லாமல் இருந்த குடும்பங்களின் கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். கம்பைக் குத்தி, புடைத்து, அரைத்துச் சோறாக்குவதற்குள் ஒரு பெண்ணின் பாதி நாள் உரலடியில் போய்விடும். பாரம்பரிய உணவு என்று நாம் ரசித்துச் சொல்வதற்குள் நம் பாட்டிமாரின் தோள்வலி இருக்கிறது.

பசித்திருந்தபோது உணவளித்த இறைவனை வணங்குங்கள் என்று குறைஷிகளுக்கு அல்லாஹ் நினைவூட்டுகிறான் (106-ஆம் அத்தியாயம்). பசி நீங்குவது அவ்வளவு பெரிய நிஃமத். பள்ளிக்கூடத்துக்கு வரும் ஏழைப் பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது என்று காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நமக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டயபுரத்தில்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னால் முட்டை வந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. இதனால் பசி நீங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கும். காய்க்கும் கீரைக்கும் பழத்துக்கும் முட்டைக்கும் சந்தைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். கம்பும் குதிரைவாலியும் ஒரு காலத்தில் ஏழையின் உணவு. இன்று கடையில் அதற்கு அரிசியை விட விலை அதிகம். கையில் காசு குறைவாக இருக்கும் தாய் என்ன செய்வாள்? சோற்றின் அளவைக் கூட்டுவாள், குழம்பின் அளவைக் குறைப்பாள். வயிறு நிறையும். உடலுக்குச் சத்து சேராது.

இதன் விளைவைத் தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) பார்க்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய உடல் எடையோடு இருக்கிறார்கள். ஒரே வீட்டில், சில நேரம் ஒரே உடலில், சத்துக் குறைவும் எடை அதிகமும் சேர்ந்தே இருக்கின்றன. இரத்தச் சர்க்கரை உயர்ந்தவர்கள் அல்லது அதற்கு மருந்து எடுப்பவர்கள் பெண்களில் 20.7 சதவீதம், ஆண்களில் 22.1 சதவீதம். ஐந்தில் ஒருவர். இதைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை, நம் ஸஃப்பைத் திரும்பிப் பாருங்கள். முன்பு இரண்டு மூன்று நாற்காலிகள்தான் இருக்கும். இன்று எத்தனை பேர் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறோம்?

ரேஷன் அரிசியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை (அபூஹுரைரா (ரலி), புகாரி). பசிக்குத் தீர்வு கிடைத்துவிட்டது, சத்துக்கும் தீர்வு வேண்டும் என்றுதான் சொல்கிறோம். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். கம்பும் சோளமும் விளையும் நம் கரிசல் பகுதிக்கும் அப்படி ஒரு ஏற்பாட்டைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கூலியும் நேரமும்

ஒருவர் என்ன சாப்பிடுவார் என்பதைக் காசு மட்டுமல்ல, நேரமும் முடிவு செய்கிறது. தீப்பெட்டி வேலையில் பல பேருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. பத்து நிமிடம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடக் கூலி போகும். அதனால் டீயும் வடையும், டீயும் பன்னும் சாப்பாடாகின்றன. பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. நான்கு கரண்டி சீனி உள்ளே போய்விடும். காய் கலந்த சோறு போகாது. லாரி ஓட்டுபவர், கட்டட வேலைக்குப் போகிறவர், ராத்திரி கடை அடைத்துவிட்டு வருகிறவர், எல்லோருடைய நிலையும் ஏறத்தாழ இதுதான். பதினொரு மணிக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டுமே.

இங்கே தொழில் செய்யும் சகோதரர்களே, உங்களிடம் ஒரு சொல். உங்கள் கையின் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மீது ஏற்றாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (அபூதர் (ரலி), புகாரி). சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைக் கூட உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவர்தான் என்றார்கள் (அபூஹுரைரா (ரலி), புகாரி). உங்கள் கடையில், உங்கள் பட்டறையில் வேலை செய்பவருக்கு உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் உண்டா? கூலி பிடிக்காமல் உண்டா? கை கழுவத் தண்ணீர் உண்டா? அவருடைய சுகருக்கு நீங்களும் ஒரு காரணமாக இருக்கிறீர்களா என்று யோசியுங்கள்.

வீட்டில் கடைசித் தட்டு யாருக்கு?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லோரும் பின்பற்றுகிறோம். முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் சமைத்தவர். கறித்துண்டு முதல் தட்டோடு தீர்ந்துவிடும். கடைசித் தட்டுக்குச் சட்டியில் ஒட்டிய மசாலாவும் ஆறிய சோறும். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று ஆய்வு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தை சுமக்கும் உடலுக்கும், பாலூட்டும் உடலுக்கும் அதிகமாக வேண்டும். நாம் அந்த உடலுக்குத்தான் குறைவாகக் கொடுக்கிறோம்.

இது தீனில் இருந்து வந்த வழக்கமா? இல்லை. நாங்கள் சாப்பிடுகிறோம், நிறைவு வருவதில்லை என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்கள் போலும், ஒன்றாகச் சேர்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள், பரக்கத் உண்டாகும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (அபூதாவூத்). ஒரே ஸஹனில் சேர்ந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கடைசித் தட்டு என்பதே இருக்காது.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). கீரை ஆய நேரமில்லை என்று அந்தச் சகோதரி சொன்னாரே, அந்த நேரம் எங்கே இருக்கிறது தெரியுமா? இஷாவுக்குப் பிறகு நாம் டீக்கடையில் உட்காரும் அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து வைப்பது ஆண்மைக்குக் குறைவு என்றால், அந்த ஆண்மை எந்த சுன்னத்தில் இருந்து வந்தது?

கௌரவம் என்ற மசாலா

அன்பானவர்களே! அரிசி நம் தட்டுக்கு வந்தது ரேஷனால் மட்டுமல்ல, கௌரவத்தாலும்தான். கம்பஞ்சோறு தின்பவன் என்பது ஏச்சாக இருந்தது. வெள்ளைச் சோறு வசதியின் அடையாளமாக இருந்தது. விருந்தாளி வந்தால் கூழ்ப் பானையை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. இன்று 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, அதே கம்பு கண்ணாடிப் பாட்டிலில் கௌரவமாகத் திரும்பி வருகிறது. வசதியுள்ளவர் டாக்டர் சொன்னார் என்று வாங்குகிறார். ஏழைக்கு அது எட்டவில்லை.

மதீனாவிலும் வாற்கோதுமை மலிவான தானியம், கோதுமை உயர்ந்த தானியம். ஸஹ்ல் (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் காலத்தில் சலித்த வெள்ளை மாவைப் பார்த்தீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார்கள். சலிக்காமல் வாற்கோதுமையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, அரைப்போம், ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், மீதியைப் பிசைந்து சாப்பிடுவோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (புகாரி). அருமை நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது (புகாரி). உலகத்திலேயே கண்ணியமான தட்டில் தவிட்டோடு கூடிய ரொட்டி இருந்தது. பிறகு எந்தத் தானியத்தை நாம் கேவலம் என்று சொல்வது?

கௌரவம் அதிகம் விளையாடும் இடம் கல்யாணம். கடன் வாங்கியாவது பிரியாணி, அதற்கு மேல் சிக்கன் ஃப்ரை, அதற்கு மேல் இரண்டு இனிப்பு, ஐஸ்கிரீம். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்துதான் உணவுகளில் மோசமானது என்று ஹதீஸில் வருகிறது (அபூஹுரைரா (ரலி), புகாரி, முஸ்லிம்). சுகர் உள்ளவர்களை வரிசையாக உட்கார வைத்து இனிப்பைத் திணிக்கிறோம். மிஞ்சியதைக் குப்பையில் கொட்டுகிறோம். அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் இரத்தசோகையோடு ஒரு கர்ப்பிணி ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகளும் முதியவர்களும்

வயதும் உணவை மாற்றுகிறது. பிள்ளைகளின் கையில் பத்து ரூபாய் கொடுத்தால் அது பாக்கெட் நொறுக்குக்குத்தான் போகிறது. பாக்கெட்டின் நிறமும் விளம்பரமும் அவர்களை இழுக்கின்றன. பெற்றோர் வேலைக்குப் போன வீட்டில் அந்தப் பாக்கெட்தான் பிள்ளைக்குத் துணை. நம் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்தது. அதுவும் இனிப்புதான், அளவோடு போதும். ஆனால் ஊரே பெருமைப்படும் பண்டத்தை விட்டுவிட்டு உப்பும் எண்ணெயும் காற்றும் அடைத்த பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுக்கிறோம். அவித்த பயறு, சுண்டல், ஒரு கொய்யாப்பழம், இவையும் பத்து ரூபாய்க்குள் அடங்கும். உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு அருகில் உள்ளதைச் சாப்பிடு என்று நபி (ஸல்) அவர்கள் ஒரே ஸஹனில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார்கள் (புகாரி). பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பெரியவர் இருந்தால்தான் பிள்ளை சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.

முதியவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். பணம் வருகிறது. ஆனால் ஓர் ஆளுக்காக எதற்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று பெரியம்மா ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுச் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. தன் பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவர் முஃமின் அல்ல என்ற ஹதீஸை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் (இப்னு அப்பாஸ் (ரலி), அல்அதபுல் முஃப்ரத்). அந்தப் பக்கத்து வீட்டார் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மகன் மாதம் பணம் அனுப்பும் பெரியம்மாவாகவும் இருக்கலாம். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன உபதேசம் (முஸ்லிம்) அவருக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் என் பொறுப்பு இல்லையா?

இவ்வளவும் கேட்ட ஒருவர், "சரி, எல்லாம் சூழ்நிலைதான், என்மீது தவறில்லை" என்று சொல்லி இன்று இரவும் பரோட்டாக் கடைக்குப் போகக் கூடாது. உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). முடிந்தவர் முடிந்ததைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தன் பொறுப்பில் உள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (இப்னு உமர் (ரலி), புகாரி). என் வாய்க்கு நான் பொறுப்பு. என் மனைவியின் தட்டுக்கு, என் தொழிலாளியின் தட்டுக்கு, என் அண்டை வீட்டாரின் தட்டுக்கும் எனக்குப் பங்கு இருக்கிறது. வசதி கூடக் கூடப் பொறுப்பும் கூடும்.

ஹிஜ்ரி 18-இல் அரபு நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் இறைச்சியும் எனக்கு வேண்டாம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மக்களைப் பார்த்து நஃப்ஸை அடக்குங்கள் என்று சொல்வதற்கு முன் தம் தட்டை மாற்றினார்கள். வெளியூர்களிலிருந்து உணவை வரவழைத்தார்கள். உபதேசமும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் அது இஸ்லாமிய வழிமுறை. போன வாரம் நான் உபதேசத்தை மட்டும் சொன்னேன்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, வீட்டில் ஒரு நேரமாவது எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். சமைத்தவர் உட்காரும் வரை யாரும் தொடங்க வேண்டாம். ஆண்கள் காய் நறுக்கவும் கீரை ஆயவும் கை கொடுங்கள்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு நாளாவது கம்போ சோளமோ குதிரைவாலியோ சமையுங்கள். நம் ஊர் விவசாயியிடம் நேரடியாக வாங்குங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் விலை குறையும். இப்போது மில் இருக்கிறது, உரலுக்குப் போக வேண்டியதில்லை.

மூன்றாவது, ஸதகா கொடுக்கும்போது அரிசியோடு நிற்காதீர்கள். அரிசி அவர்களிடம் இருக்கிறது. பருப்பு, பயறு, முட்டை, நிலக்கடலை கொடுங்கள். ஏழைக்கு உணவளிப்பதைப் புகழ்ந்து பேசும் இறைவன் (76:8), உண்பதில் ஹலாலையும் நல்லதையும் சேர்த்தே சொல்கிறான் (2:168). கொடுப்பதும் அப்படியே இருக்கட்டும்.

நான்காவது, ரமளானில் அரசு தரும் பச்சரிசியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். அதில் பாசிப்பருப்பைக் கூட்டுவோம், முருங்கைக்கீரை சேர்ப்போம். கூடவே எண்ணெய் வடிய வடைகளைக் குறைத்துச் சுண்டல் வைப்போம். சுகர் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் (2:184).

ஐந்தாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வாசலில் நிற்கும் சகோதரியை, எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டுப் பெண்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு முதியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற ஹதீஸ் (அபூஹுரைரா (ரலி), புகாரி) உங்கள் வீட்டில் உண்மையாகட்டும்.

அந்தச் சகோதரிக்கு இந்த வாரம் என் பதில் இதுதான்: உங்கள் தட்டில் இருப்பதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை, எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நாளை மறுமையில் நாங்களும் பதில் சொல்ல வேண்டும். இன்ஷா அல்லாஹ் அதற்கு முன்பே எங்கள் கையால் பதில் சொல்ல முயல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் கரிசல் மண்ணுக்கு நல்ல மழையைத் தருவாயாக. எங்கள் உணவை ஹலாலாகவும் தூய்மையாகவும் ஆக்குவாயாக. எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. உழைக்கும் எங்கள் சகோதரிகளின் சிரமத்தை இலேசாக்குவாயாக. தன் தட்டை மட்டும் பார்க்கும் மக்களாக எங்களை ஆக்கிவிடாதே. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.